பின் வலது சக்கரம்

அவர் தெருமுனையில் திரும்பி மறையும்வரை நான் டார்ச்சைக் கையில் எடுக்கவில்லை. பேக்கரிக்கு நடக்க ஐந்து நிமிடம், உட்கார்ந்து டீ குடிக்கப் பத்து நிமிடம், எனக்கு ஃபிளாஸ்கில் வாங்கிக்கொண்டு திரும்ப இன்னொரு ஐந்து. இருபது நிமிடத்தில் நாலு சக்கரத்தையும் பார்த்துவிடலாம். போன வாரம் இதே டீக்கு ஒரு மணி நேரம் ஆனது. எங்கீங்க போயிட்டீங்க என்று கேட்டதற்கு, தெரிஞ்சவர் ஒருத்தரப் பாத்தேன், பேசிட்டு நின்னுட்டேன் என்றார். யாருங்க அது என்றேன். அவருதான், என்றார். அவர் ஒரு பெயரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேருமாக வேறு பேச்சுக்குப் போய்விட்டோம். இப்போது மணி பத்தே முக்கால். நவநீதன் பன்னிரண்டு மணிக்கு வண்டி எடுக்க வருகிறேன் என்றிருக்கிறான். இங்கிருந்து வீட்டுக்குப் போய், அம்மாவை ஏற்றிக்கொண்டு நேராகக் கோத்தகிரி மலை ஏறப்போகிறான். நேற்று வண்டியை விடும்போதே சொன்னான், அக்கா, புது ஸ்பிரிங் போட்டு வளைவுல திருப்பிப் பாக்கணும், அதுக்குத்தான் மலைக்குப் போறேன். மலை, வளைவு, அம்மா. மூன்று சொல்லையும் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, எங்கள் பட்டறையில் வண்டிக்கு அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கினேன். மூன்றாவது படியில் எப்போதும்போல முட்டி வலித்தது. தலைக்கு மேலே நீல நிற வண்டியின் வயிறு. அவன் ஆசைப்பட்ட குட்டை ஸ்பிரிங்கைப் போட்டதால் நேற்று இருந்ததைவிட மூன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கிற வண்டி. குழிக்குள் நிற்கும்போது அந்த மூன்றரை சென்டிமீட்டர் என் உச்சந்தலைக்குத்தான் முதலில் தெரிகிறது.

இருபத்து மூன்று வருஷமாக அவர் செய்த வேலையை நான் சரிபார்த்ததில்லை. அவர் கழற்றி மாட்டுவார், நான் வீல் அலைன்மென்ட் பார்ப்பேன், அதுதான் எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. கல்யாணமாகி அன்னூரிலிருந்து வந்தபோது எனக்கு ஸ்பேனருக்கும் இடுக்கிக்கும் வித்தியாசம் தெரியாது. அலைன்மென்ட் மெஷின் வாங்கிய வருஷம் அதோடு வந்த புத்தகத்தைப் படிக்க அவருக்குப் பொறுமையில்லை, நான் படித்தேன், படித்தவளே ஓட்டட்டும் என்று விட்டுவிட்டார். அப்போதெல்லாம் வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, ஆள் யாரும் இல்லீங்களா என்பார்கள். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டாமலே சொல்வார், அவங்கதானுங்க ஆளு. அந்தக் குரலில் ஒரு சிரிப்பு இருக்கும். அந்த மனுஷனுடைய வேலையைத்தான் அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து டார்ச் அடித்துச் சரிபார்க்கிறேன். வீட்டில் அவர் சட்டைப் பையில்கூட நான் கை விட்டதில்லை. மூன்று வாரமாக இந்தத் திருட்டு நடக்கிறது. இது எட்டாவது வண்டி. ஏழு வண்டியிலும் ஒரு குறை இல்லை. ஏழாவது வண்டியைப் பார்த்து முடித்தபோது அவரைப் பரிசோதித்த டாக்டருக்குத்தான் ஏதோ பிசகியிருக்கிறது என்று நினைத்தேன், அன்றைக்கு இரவு சாப்பாட்டுக்கு அவருக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்தேன், இன்னைக்கு என்ன விசேஷம் புள்ள என்று கேட்டார், ஒண்ணுமில்லீங்க என்றேன்.

முன்னால் இடது பக்கம். முதலில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று கீழே கிண்ணத்தில் அதற்கான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா. உட்கார்ந்திருக்கிறது, விரல் விட்டுப் பார்த்தேன், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இல்லை. வண்டி தாழ்ந்தால் உள்ளே இருக்கிற ரப்பர் கட்டையையும் அதற்கேற்ப வெட்டிக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னப் பள்ளத்துக்கெல்லாம் முட்டும். வெட்டியிருக்கிறார். வெட்டிய இடம் கத்தியால் வெண்ணெயை அரிந்ததுபோல நேராக இருக்கிறது. பிரேக் ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் எங்கும் உரசாது. காலையில் அலைன்மென்ட் பார்க்கும்போதே அதைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. கடைசியாக அளவு பார்த்து இறுக்கி முடித்ததும் அந்தக் கோட்டைப் போடுவது அவர் வழக்கம், கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம், நட் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். நான் கோட்டை நம்பவில்லை. ரெஞ்சை வைத்து ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். அளவு வந்ததும் ரெஞ்ச் டிக் என்றது.  ஒவ்வொரு டிக்குக்கும் அவர் அப்படியே இருக்கிறார், அவர் அப்படியே இருக்கிறார் என்று உள்ளே ஒன்று சொல்கிறது. ஒரு மனுஷனுக்கு மூளை எப்படி இருக்கிறது என்று பார்க்க அவிநாசி ரோட்டில் அத்தனை பெரிய ஆஸ்பத்திரி கட்டி வைத்திருக்கிறார்கள், நான் குழிக்குள் நின்று நட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த டாக்டர் நல்லவர், பொறுமையாகத்தான் பேசினார். மூன்று பொருளின் பெயரைச் சொல்லி, ஞாபகம் வெச்சுக்குங்க, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேக்கறேன் என்றார். நடுவில் ஏதேதோ பேச்சு. பிறகு கேட்டபோது அவருக்கு ஒன்றுகூட வரவில்லை. ஒன்றுகூட. ஆனால் அவர் சங்கடப்பட்டதாகவே தெரியவில்லை. டாக்டர், வாசல்ல நிக்கற வெள்ளக் கார் உங்களுதுங்களா, உள்ள வரும்போது நீங்க திருப்பி நிறுத்துனதப் பாத்தேன், முன்னாடி இடது பக்கம் லிங்க் போயிருச்சுங்க, டக்கு டக்குனு அடிக்குமே என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம், ஒரு மாசமா அடிக்குது என்றார். நான் சிரித்தேன். நோய் இல்லையென்றே முடிவு செய்துவிட்டவள் போல அந்த அறையில் சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் ரத்தப் பரிசோதனைக்கு அவரை அனுப்பிவிட்டு டாக்டர் என்னை மட்டும் உட்காரச் சொன்னார். முன்பே எடுத்திருந்த ஸ்கேன் படத்தைக் காட்டினார். அல்சைமர் என்றார். ஐம்பத்து நாலு வயசு இதுக்குக் கம்மிதான், ஆனா சிலருக்கு இப்படிச் சீக்கிரமே வந்துடுதுங்கம்மா என்றார். கைக்குப் பழகின வேலை ரொம்ப நாள் நிக்கும், ஆனா எதுக்குப் பிறகு எதுங்கற வரிசை போயிடும், ஒரு வேலைக்கு நடுவுல விட்டா திரும்ப அந்த இடத்துக்கு வரத் தெரியாது, அவர் செய்யற வேலை அடுத்தவங்க உயிர் சம்பந்தப்பட்டது, யோசிச்சுக்குங்க. அவர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா என்றும் கேட்டார். நான் சொல்றேனுங்க என்றேன். ரத்தம் கொடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தவர், என்ன புள்ள சொன்னாரு என்று கேட்டார். சத்துக் குறைவாம், மாத்திரை எழுதியிருக்காரு என்றேன். மூன்று வாரமாக இரண்டு வேளையும் அந்த மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன். அட்டையில் போட்டிருக்கிற பெயரை அவர் படிக்கக் கூடாது என்று முன்னாலேயே பிரித்துக் கிண்ணத்தில் வைத்துவிடுகிறேன்.

முன்னால் வலது பக்கம். கிண்ணம், ரப்பர், ஹோஸ், மஞ்சள் கோடு. டிக், டிக், டிக். எல்லாம் சரி. மேலே ஏறி டேப்பைப் பிடித்து உயரம் பார்த்தேன், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் இரண்டு பக்கமும் முப்பத்து மூன்றரை சென்டிமீட்டர், ஒரு நூல் வித்தியாசமில்லை. நிமிரும்போது தெருவைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. ஒருவேளை இப்போது அவர் பழைய கடைக்குப் போயிருந்தால். இரண்டு மாதம் முன்னால் அப்படித்தான் போனார், எட்டு வருஷம் முன்னால் நாங்கள் காலி பண்ணிய கடை, இப்போது அங்கே மொபைல் விற்கிறார்கள். அவர்கள்தான் எனக்குப் போன் செய்தார்கள். அக்கா, அண்ணன் இங்க வந்து ஷட்டர் சாவியத் தேடிட்டு நிக்கறாருங்க. ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் அவருக்குத் தெளிந்துவிட்டது. கடைக்காரப் பையன்களோடு நின்று போன் விலையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார், என்னைக் கண்டதும், உனக்கொண்ணு வாங்கலாம்னு வந்தேன் என்றார். எனக்காகச் சொன்ன பொய்யா, அவர்களுக்காகச் சொன்ன பொய்யா, இல்லை அவருக்கே சொல்லிக்கொண்டதா. ஓசூரில் இருக்கிற மகள் மகிழினியிடம் அன்றைக்குத்தான் போனில் எல்லாம் சொன்னேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னவளும் அவள்தான்.  மூன்று வாரம் முன்னால் டாக்டர் சொன்னதையும் சொன்னபோது, அப்பா செய்யற வண்டிய எல்லாம் நீ ஒரு தடவ பாத்துடும்மா என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அப்பாவை வேவு பார்க்கச் சொல்கிறோம் என்று அவளுக்கு வலித்திருக்கும்.

மறுபடியும் குழிக்குள் இறங்கினேன். பின்னால் இடது பக்கம். பின் சக்கரத்தில் அலைன்மென்ட் வேலை எனக்கு ஒன்றுமில்லை, அதனால் காலையில் இந்தப் பக்கம் வரவேயில்லை. ஸ்பிரிங் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஷாக் அப்சார்பர், அதைக் கீழே பிடித்திருக்கிற ஒரே ஒரு பெரிய போல்ட். இந்த போல்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. இறுக்கினால் உள்ளே இருக்கிற ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். கையால் மாட்டி விட்டுவிட்டு, வண்டியைக் கீழே இறக்கி, அதன் பாரம் முழுக்கச் சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். ரெஞ்சை வைத்து இழுத்தேன், டிக். மஞ்சள் கோடும் இருக்கிறது. சரி என்று டார்ச்சைத் திருப்பும்போதுதான் சக்கரத்துக்குப் பின்னால், உள் தகட்டில், வெள்ளையாக என்னவோ தெரிந்தது. சாக்பீஸ். எழுத்து. தலையைச் சாய்த்துப் படித்தேன். இறக்கின பிறகு இறுக்கணும். அவர் கையெழுத்து. றகரத்துக்கு அவர் போடுகிற அந்த நீண்ட கால். நான் அப்படியே நின்றுவிட்டேன். இந்த வேலையை ஆயிரம் தடவை செய்தவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் ஏன் இதைத் தனக்கே எழுதி வைக்க வேண்டும். டார்ச்சை இங்கும் அங்கும் அடித்தேன். குறுக்குச் சட்டத்தில் சின்னதாக ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல், ஸ்பிரிங், ரப்பர், ஷாக், போல்ட். பள்ளிக்கூடப் பிள்ளை பரீட்சைக்கு எழுதி மறைத்து வைத்துக்கொண்டது மாதிரி. அவருக்குத் தெரியும். தன் வரிசை போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும், என்னிடம் சொல்லாமல், யாரும் தலையை நுழைக்காத இடமாகப் பார்த்து எழுதி வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறார். நான் மாத்திரை அட்டையை ஒளிக்கிறேன், அவர் சாக்பீஸை ஒளிக்கிறார். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறோம். அந்த ஏழு வண்டிகளிலும் எழுதியிருப்பார். நான் நட்டை மட்டும் பார்த்தேன்.

பின்னால் வலது பக்கம். அங்கே திரும்புவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அப்போது தெரியவில்லை, அப்போது நான் சாக்பீஸ் எழுத்தைத்தான் தேடினேன். இருந்தது. இறக்கின பிறகு இறுக்கணும். அதே எழுத்து, கொஞ்சம் பெரியதாக. லிஃப்டில் சக்கரம் கழற்றியிருக்கும்போது கண்ணுக்கு நேராக எழுதியிருக்கிறார், சக்கரத்தை மாட்டிக் கீழே இறக்கியதும் அந்த எழுத்து சக்கரத்துக்குப் பின்னால் போய்விட்டது. இறக்கின பிறகு படிக்க வேண்டியது, இறக்கின பிறகு தெரியாத இடத்தில். கோட்டைத் தேடினேன். கோடு இல்லை. ரெஞ்சை வைக்கவில்லை, விரலால் தொட்டேன். நட் திரும்பியது. பாட்டில் மூடி திரும்புகிற மாதிரி, ஒரு எதிர்ப்பும் இல்லாமல், என் இரண்டு விரலுக்கு நடுவில் திரும்பியது. மலை, வளைவு, அம்மா. பர்லியார் தாண்டுவதற்குள், இல்லை, அது குன்னூர் வழி, இவன் போவது கோத்தகிரி, மேட்டுப்பாளையம் தாண்டி முதல் பத்து வளைவுக்குள் அந்த நட் கழன்றிருக்கும், போல்ட் நழுவியிருக்கும், ஷாக் தொங்கியிருக்கும், தாழ்த்துகிற ஸ்பிரிங் குட்டையானது, ஷாக் பிடிக்காவிட்டால் சக்கரம் தொங்குகிற ஒரு பள்ளத்தில் அது இடத்தை விட்டுத் துள்ளிப் போய்விடும், பின்பக்கம் ஒரு பக்கமாக உட்காரும், அது எந்தப் பக்கத்துச் சக்கரம், பள்ளத்தாக்கு எந்தப் பக்கம். அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனாலும் முகம் தெரிந்தது. குழியின் சுவரில் சாய்ந்துகொண்டேன். சுவர் ஈரமாக இருந்தது, ஜாக்கெட் வழியாக முதுகில் சில்லென்று இறங்கியது.

இடது பக்கம் இறுக்கியிருக்கிறார். வலது பக்கம் இல்லை. இடதுக்கும் வலதுக்கும் நடுவில் நாலு எட்டு நடைதான். அந்த நாலு எட்டில் என்ன நடந்தது. நேற்று மத்தியானம், ஒன்றரை மணி இருக்கும், நான் பட்டறை ஓரத்தில் இருக்கிற மேசையிலிருந்து கூப்பிட்டேன். சாப்புட வாங்க, சோறு ஆறுது. நான்தான் கூப்பிட்டேன். என் குரல் வந்தபோது அவர் இடது பக்கம் முடித்துவிட்டு ரெஞ்சோடு வலது பக்கம் திரும்பியிருப்பார். என் குரல் அந்த நாலு எட்டுக்கு நடுவில் விழுந்திருக்கிறது. அப்படியென்றால் தப்பு என்னுடையது, நோயுடையது இல்லை, வேலை நடுவில் கூப்பிட்டால் யாருக்குத்தான் மறக்காது, நல்ல மெக்கானிக்குக்கும் மறக்கும், மறதிக்கும் நோய்க்கும் வித்தியாசம் இருக்கிறது. இந்த நினைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆனால் அது நிற்கவில்லை. இருபத்து மூன்று வருஷமாக நான் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அவர் வந்ததேயில்லை. இரு புள்ள, இது ஒண்ணு முடிச்சுட்டு வந்தர்றேன். அந்த ஒன்று முடியச் சோறு ஆறிப் போகும், நான் திட்டுவேன், மூடி வைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிடுவேன். நேற்று முதல் குரலுக்கே வந்தார். ரெஞ்சை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, எனக்கு எதிரில் உட்கார்ந்து, ரசம் நல்லாருக்கு என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூப்பிட்ட உடனே வந்துவிட்டாரே என்று நேற்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அவருக்குள்ளிருந்து, இது ஒண்ணு முடிச்சுட்டு வந்தர்றேன் என்று சொல்கிற ஆள் போய்விட்டார், போனவருடைய இடத்தில் உட்கார்ந்து இவர் என்னோடு சாப்பிட்டிருக்கிறார், அதற்குத்தான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

ரெஞ்சை அளவுக்கு வைத்து இறுக்கினேன். டிக் என்றது. நம்பிக்கை வராமல் மறுபடி ஒரு தடவை இழுத்தேன், மறுபடி டிக். சேலைத் தலைப்பை நனைத்து சாக்பீஸ் எழுத்தைத் துடைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். துடைத்துவிட்டால் நடந்ததே இல்லை என்றாகிவிடும். எட்டாவது வண்டியும் சரி. ஒன்பதாவது வண்டியையும் இப்படியே பார்க்கலாம், பத்தாவதையும். அவர் செய்துகொண்டே இருக்கட்டும், நான் பின்னாலேயே போய் இறுக்கிக்கொண்டே இருக்கிறேன். எத்தனை நாளைக்கு. நான் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால். அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிடாமல் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டால். கை அந்த எழுத்து வரைக்கும் போய் நின்றுவிட்டது. இறக்கின என்பதில் கடைசி எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. அப்படியே நின்றுகொண்டிருந்தபோது மேலே செருப்புச் சத்தம் கேட்டது. குழியின் விளிம்பில் அவருடைய காலும், அதற்குப் பக்கத்தில் ஃபிளாஸ்கும் தெரிந்தன. இருபது நிமிடத்தில் வந்துவிட்டார்.

 மெதுவாகக் குந்தி, விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டார்.

"பாத்தியா?"

"பாத்தேனுங்க."

"எத்தன வண்டியா பாக்கற?"

"இது எட்டாவது." ஒளிக்க எனக்கு வாய் வரவில்லை. "உங்களுக்குத் தெரியுமா?"

"டார்ச்ச நீ வேற எடத்துல வெக்கற. நான் ஆணில மாட்டறது, நீ மேசை மேல வெக்கற." ஃபிளாஸ்கை ஓரமாக நகர்த்திவிட்டு, "எல்லாம் சரியா இருந்துச்சா?" என்றார்.

சரியாக இருந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல் நாக்குவரை வந்துவிட்டது. அவர் முகம் மேலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, பின்னால் வெயில், அதனால் முகம் சரியாகத் தெரியவில்லை, காது ஓரத்து நரை மட்டும் தெரிந்தது. ஒரு வண்டியைப் பற்றி அவர் என்னிடம் பொய் சொன்னதில்லை. பிரேக் தேய்ந்திருந்தால் தேய்ந்திருக்கிறது என்பார், நல்லாயிருந்தால் மாத்த வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார், அதற்காகவே நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். நானும் அவரிடம் ஒரு வண்டியைப் பற்றிப் பொய் சொன்னதில்லை. அது மட்டும் எங்களுக்குள் எப்போதும் சுத்தமாக இருந்தது.

"மூணு சக்கரம் சரிங்க," என்றேன். "பின்னாடி வலது பக்கம் ஷாக் போல்ட் இறுக்கல. கையில திரும்புச்சு. நான் இறுக்கிட்டேன்."

அவர் வண்டியைப் பார்த்தார். அந்த மூலையைத்தான் பார்த்தார், அங்கே அவர் கண்ணுக்குச் சக்கரத்தைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. கையை முழங்கால் மேல் வைத்து, விரலை மடக்கி விரித்தார்.

"எழுதி வெச்சனே புள்ள," என்றார்.

"சக்கரத்துக்குப் பின்னால போயிருச்சுங்க."

"ஆமா. போயிரும்." இதை நேற்று ஏன் யோசிக்கவில்லை என்று தனக்குள் பார்க்கிறவர் மாதிரி இருந்தார். அப்புறம், "டாக்டர் உங்கிட்டத் தனியா என்ன சொன்னாரு?" என்றார்.

நான் படியேறி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் காலும் குழிக்குள் தொங்கின. சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன், ஸ்கேனைச் சொன்னேன், வரிசை போகும் என்று சொன்னதைச் சொன்னேன், கிண்ணத்தில் பிரித்து வைக்கிற மாத்திரை எதற்கானது என்றும் சொன்னேன். பேசி முடித்ததும் என் குரல் அழாமல் வந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வண்டிக்காரர்கள் எத்தனை பேரிடம் இவர் இந்த மாதிரிச் சொல்லியிருப்பார், எந்தப் பாகம், எவ்வளவு தேய்மானம், இன்னும் எத்தனை தூரம் ஓடும். அந்தக் குரலைத்தான் நான் எடுத்துக்கொண்டு பேசியிருக்கிறேன்.

"சரி பண்ண முடியாதுங்களாமா?" அவர் வெளியாட்களிடம் பேசுகிற அதே மரியாதையோடு, என்னிடமில்லை, டாக்டரிடமே கேட்பதுபோலக் கேட்டார்.

"முடியாதாம். கொஞ்சம் மெதுவாக்கலாமாம்."

"எவ்வளவு நாளு?"

"அது ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரியாம்."

அவர் தலையாட்டினார். ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது, "மகிழுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அவ எப்பப் போன் பண்ணாலும் சாப்ட்டீங்களாப்பானு மூணு தடவ கேக்கறா. நான்தான் பதில் சொன்னத மறந்துட்டனோன்னு நெனச்சேன்," என்றார். சிரிக்கத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை, டீ மூடியை இறுகப் பிடித்துக்கொண்டேன், சூடு உள்ளங்கையைச் சுட்டது, சுடட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு பயமா இருந்துச்சு புள்ள, அதான் எழுதுனேன் என்றார் தெருவைப் பார்த்துக்கொண்டு. எனக்கும்தானுங்க என்றேன்.  எதிர்த்த மில் சுவர் ஓரத்தில் ஒரு லாரி பின்னால் வந்து நின்றது, யாரோ இறங்கி முகம் கழுவினார்கள். உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடம் மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பத்து நிமிடம். அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

நவநீதன் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டான். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், கீழே உட்கார்ந்து மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தான், அவன் முகமெல்லாம் சந்தோஷம். செமயா இருக்குண்ணா என்றான். வண்டிய எடுத்துக்கலாங்களா. நான் சாவியை எடுக்கப் போனேன். அதற்குள் அவர், கொஞ்சம் இருங்க தம்பி என்றார். நான் திரும்பிப் பார்த்தேன், வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. "பின்னாடி ஒரு போல்ட்ட நான் இறுக்காம விட்டுட்டேன் தம்பி. இவங்க பாத்து இறுக்கிட்டாங்க. இப்ப சரியாத்தான் இருக்குது. இருந்தாலும் நீங்க மலைக்குப் போறீங்க. நாங்க ஒருதடவ ஓட்டிப் பாத்துட்டுத் தர்றோம்." நவநீதனுடைய சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். அண்ணா, நீங்களா விட்டீங்க, என்றான். கோபமாக இல்லை, நம்ப முடியாமல். "நான்தான். எனக்கு ஞாபகம் கொறைஞ்சுட்டு வருது. இனிமே நான் தனியா வண்டி செய்யறதில்லைங்க தம்பி." இதை அவர் நேற்றோ போன வருஷமோ முடிவு பண்ணியதுபோலச் சொன்னார். ஆனால் இந்த நிமிஷத்தில்தான் முடிவு பண்ணியிருக்கிறார். தனியா என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு நின்றது, அது எனக்கு மட்டும் கேட்டது. வேறு யாரிடமாவது இப்படிச் சொல்லியிருந்தால் வண்டியை இழுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போயிருப்பார்கள். நவநீதன், அம்மாகிட்ட ஒரு மணி நேரம் லேட்டாகும்னு சொல்லிடறேங்க்கா, நீங்க பாத்துட்டே வாங்க என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

நான் ஓட்டினேன். அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த வண்டியிலும் அவர் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். மில்லுக்குப் பின்பக்கத் தெருவில் வரிசையாக மூன்று வேகத்தடை இருக்கிறது, சஸ்பென்ஷன் வேலை செய்த வண்டிகளை அவர் அங்கேதான் கொண்டுபோய்ப் பார்ப்பார். கண்ணாடியை இறக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். முதல் தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. எந்தச் சத்தமும் இல்லை, ரப்பரும் ஸ்பிரிங்கும் பாரத்தை வாங்கிக்கொள்கிற மெல்லிய முனகல் மட்டும். இரண்டாவது. மூன்றாவது. அவர் தலையைக் கொஞ்சம் வலது பின்பக்கம் சாய்த்திருந்தார், நெற்றிச் சுருக்கம் இறுகி மெதுவாகத் தளர்ந்தது. இந்த முகம் அப்படியே இருக்கிறது, சத்தத்தைத் தேடுகிற இந்த முகம், இது எவ்வளவு நாள் இருக்கும். "நல்லா இருக்குது," என்றார். தெருக்கோடியில் வண்டியை நிறுத்தினேன். "திருப்பி இன்னொரு தடவ போ புள்ள," என்றார். திருப்பினேன், மூன்று தடையும் மறுபடி ஏறி இறங்கியது. மறுபடி கண்ணை மூடிக் கேட்டார். இந்தக் கோடிக்கு வந்து நிறுத்தினேன். அவர் கண்ணைத் திறந்து தெருவைப் பார்த்தார், வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "போ புள்ள," என்றார், "ஒரு தடவ ஓட்டிப் பாத்தர்லாம்." அந்த மூலையில் ஏதாவது சத்தம் அவர் காதுக்கு மட்டும் விழுந்து மறுபடி கேட்க நினைக்கிறாரா, இல்லை நாங்கள் இதுவரை போய் வந்ததே அவருக்குள் இல்லையா. முகத்தைப் பார்த்தேன், இரண்டில் எது என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை. சரிங்க என்று சொல்லி வண்டியைத் திருப்பினேன்.